கவ்வாத்து வெட்டிய மலையும் அதிபரின் அறையும்

தலவாக்கலைப் பக்கம் கவ்வாத்து வெட்டி முடித்த தேயிலை மலையை முதன்முறை பார்ப்பவருக்கு மனம் பதறும். பச்சை முழுவதும் போய் வெறும் குச்சிகள் வரிசை வரிசையாக நிற்கும். ஆனால் கத்தி வைப்பதற்கு முன்பே அந்தச் செடி பிழைக்குமா என்று அறிய ஒரு வழி உண்டு. வேரில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, வெட்டிய முகத்தில் அயடீன் கரைசலைத் தடவுவார்கள். கருநீலமானால் வேரில் மாப்பொருள் சேர்ந்திருக்கிறது. புதுத்துளிர் அந்தச் சேமிப்பைத் தின்றுதான் எழும்பும். நிறம் சரியாக ஏறாவிட்டால், செடிக்கு இன்னும் கொஞ்சம் ஓய்வு கொடுக்க வேண்டும். கொழுந்தை மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. 1925இல் உருவாகி, பிறகு தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் பல்லாண்டாக ஆராய்ந்து வருவதும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் காரியங்களைத்தான்.

அதே மலைச்சரிவில் இருக்கும் பாடசாலையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலை நடக்கிறது. அது அதிபரின் வேலை. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதைப் பிள்ளை பார்க்கிறது. அதிபர் செய்வதில் பெரும்பகுதியைப் பிள்ளை பார்ப்பதே இல்லை. நேரசூசி போடுவது, வராத ஆசிரியரின் பாடத்துக்கு இன்னொருவரை அனுப்புவது, சம்பவத் திரட்டுப் புத்தகம் எழுதுவது, சுற்றறிக்கைக்குப் பதில் அனுப்புவது, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தைத் தலைமை தாங்கி நடத்துவது, சீருடைக்கும் பாடநூலுக்கும் கணக்கு வைப்பது என்று அது நீளும். இவற்றில் எது பிள்ளையின் தலைக்குள் போய்ச் சேர்கிறது? வகுப்பில் நின்று பாடம் நடத்தாத ஒருவரால் ஒரு பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வருமா?

இதை அளப்பது எளிதல்ல. நல்ல பெறுபேறு வரும் பாடசாலையில் இருக்கும் அதிபர் கெட்டிக்காரர் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தப் பெறுபேறு அவரால் வந்ததா, ரியூசனுக்குக் காசு கட்டக்கூடிய பெற்றோரால் வந்ததா? இங்கே ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தது இடமாற்றம். ஒரே பாடசாலையில், ஏறக்குறைய அதே மாதிரியான பிள்ளைகள் படிக்கும்போது அதிபர் மட்டும் மாறுகிறார். அவருக்கு முந்திய ஆண்டுகளையும் பிந்திய ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவருக்கு உரிய பங்கு மெல்லத் தெரியவரும். அயடீன் பட்ட வேர் நிறம் காட்டுவது போலத்தான் இதுவும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிராஞ்ச், ஹனுஷெக், ரிவ்கின் மூவரும் இப்படிக் கணக்கிட்டார்கள். மிகத் திறமையான அதிபரின் கீழே ஒரு சராசரி மாணவர் ஓராண்டில் இரண்டு முதல் ஏழு மாதப் படிப்பைக் கூடுதலாகப் பெறுகிறார் என்றது அவர்கள் கணக்கு. திறமையற்றவரின் கீழே அதே அளவு இழப்பு. 2021இல் கிரிசம் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து, சராசரிக்குக் கீழே நிற்கும் அதிபரின் இடத்துக்குச் சராசரிக்கு மேலானவர் வந்தால் ஆண்டுக்குச் சுமார் மூன்று மாதப் படிப்பு கூடும் என்று கண்டார்கள். ஒரு நல்ல ஆசிரியரின் பலன் அவர் வகுப்புப் பிள்ளைகளுக்கு. அதிபரின் பலனோ முதலாந் தரத்துப் பிள்ளை முதல் சாதாரண தரம் எழுதும் பிள்ளை வரை எல்லாருக்கும். அமெரிக்கப் பள்ளிகளின் மாதக் கணக்கை அப்படியே மலையகத்துக்குத் தூக்கி வைக்கக் கூடாது. ஆனாலும் ஓர் அறைக்குள் நடக்கும் வேலை, பத்து அறை தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கொப்பியில் தெரிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அது எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது? நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் இதற்கு ஒரு விடை தந்தார்கள். அதிபர் செய்யும் பலவகைக் காரியங்களில் பிள்ளைகளின் படிப்போடு மிக வலுவாகப் பிணைந்திருந்தது ஒன்றுதான்: ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதற்கு வழி செய்வதோடு நில்லாமல், தானும் அவர்களோடு உட்கார்ந்து கற்பது. மயாமியில் கிரிசமும் லோபும் மாஸ்டரும் சுமார் நூறு அதிபர்களின் பின்னால் நாள் முழுவதும் ஆட்களை அனுப்பி, அவர்களின் நேரம் எதில் போகிறது என்று குறித்தார்கள். கற்பித்தல் தொடர்பான வேலைக்குப் போனது நூற்றுக்குச் சுமார் 13 பங்கு. அதிலும் வகுப்புகளைச் சும்மா எட்டிப்பார்த்து நடப்பதற்குப் பலன் இல்லை. ஆசிரியரோடு இருந்து அவருடைய பாடத்தைச் செம்மைப்படுத்திய நேரத்துக்கோ பலன் இருந்தது. மேற்பார்வை என்றால் வராந்தாவில் நடப்பது என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம்முடைய தோட்டப் பாடசாலைக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதற்குச் சரித்திரம் காரணம். 1907ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு கொடுக்கும் பொறுப்பைத் துரைமார் தலையில் வைத்தது. வந்தது பெரும்பாலும் ஒற்றை அறையும் ஒற்றை ஆசிரியரும். அவரே ஆசிரியர், அவரே தலைவர். சம்பளமோ தோட்டத்தின் கையில். 1945இல் நாடு முழுவதற்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்டத்தோடேயே நின்றன. அரசு அவற்றைக் கையேற்கத் தொடங்கியது 1970களில்; முடித்தது 1980களில். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி ஜெர்மனியின் உதவியோடு எழுந்ததெல்லாம் அதற்கும் பிறகு. ஆகவே பல தோட்டப் பாடசாலைகளில் ‘அதிபர்’ என்ற முழுப்பொருளில் ஒருவர் உட்கார்ந்து இன்னும் இரண்டு தலைமுறைகூட நன்றாக முடியவில்லை. அந்த நாற்காலியிலும் பல இடங்களில் கடமை நிறைவேற்று அதிபர்கள் இருந்து வந்திருக்கிறார்கள்.

விடியற்காலையில் அம்மா பெரட்டுக்குப் போய்விட்டால், தம்பியைப் பார்க்க அக்காள் வீட்டில் நிற்பாள். அவள் ஏன் இரண்டு நாளாக வரவில்லை என்று லயத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்கிற அதிபர், எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதப்படாத வேலையைச் செய்கிறார். அந்தப் பிள்ளை நாலாம் தரத்தில் விட்ட வகுத்தல் கணக்கு பத்தாம் தரம் வரை துரத்திக்கொண்டு வரும் என்பது அவருக்குத் தெரியும்.

இன்னொன்று காலம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கோயெல்லியும் கிரீனும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அதிபரின் பலன் உடனே தெரிவதில்லை, அவர் ஒரே இடத்தில் நிலைத்திருந்தால்தான் ஆண்டுகள் போகப்போகத் தெரிகிறது என்று கண்டார்கள். தேயிலையும் அப்படித்தான். கவ்வாத்துக்குப் பின் முதலில் துளிர், பிறகு மட்டம் வைப்பது, அதன் பிறகே நிறைந்த கொழுந்து. மலைநாட்டில் ஒரு கவ்வாத்துக்கும் அடுத்த கவ்வாத்துக்கும் இடையில் நாலைந்து ஆண்டு விடுகிறார்கள். துளிர் எழும்பும்போதே மறுபடி கத்தி வைக்கிற தோட்டம் எங்கும் கிடையாது.

வலயக் கல்விப் பணிமனைகளில் இருப்பவர்களிடம் கேட்பது இதுதான்: தோட்டப் பாடசாலைக்கு ஓர் அதிபரை அனுப்பினால் ஐந்தாண்டாவது அங்கே விடுங்கள், படிவங்களை எழுத ஓர் எழுதுநரைக் கொடுங்கள். பெற்றோரிடம் கேட்பதும் ஒன்று உண்டு. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மதிலையும் கேற்றையும் பற்றிப் பேசி முடித்த பிறகு, இந்தத் தவணையில் எத்தனை பாடங்களை ஆசிரியரோடு உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று அதிபரிடம் மரியாதையாகக் கேளுங்கள். நேரம் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னால், அந்த நேரத்தை அவருக்கு எப்படி வாங்கிக் கொடுக்கலாம் என்று அதே கூட்டத்தில் பேசுங்கள்.