யந்திரம் யாருக்கு?

பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர்ச் சாலையிலே செல்லுகிறோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் பிறக்கின்றன. ஒரகடத்தில் 2010 முதல் மற்றொரு கார்த் தொழிற்சாலை. 2012 முதல் லாரித் தொழிற்சாலை. ஏரிநீர் பாய்ந்த சீமையிலே இன்று ஆலைக் கூரைகள்! ஷிப்டு முடிந்து வரும் தோழரைக் கேளுங்கள், 'அப்பா என்ன செய்கிறார்?' என்று. 'ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம், நெல்' என்பார். மகன் கை யந்திரத்திலே. தந்தை கால் சேற்றிலே!

யந்திரம் கூடாது என்போமா? ஒருக்காலும் மாட்டோம். குனிந்து குனிந்தே கூன் விழுந்த தாய்மாரைக் கண்டவர்கள் நாம். அந்த முதுகு நிமிர யந்திரம் வரட்டும், வரவேற்போம்! ஆனால், எந்த யந்திரம்? யாருடைய யந்திரம்?

2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஓர் உழவனின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர்; இரண்டு ஏக்கருக்கும் குறைவு! அவன் கடன்பட்டு டிராக்டர் வாங்கினால், ஆண்டில் சில நாள் உழும். மற்ற நாளெல்லாம் நிற்கும். வண்டி நிற்கும், வட்டி நிற்குமா?

வாடகைக்கு எடுக்கலாமே என்பர். எடுக்கிறான். மேகம் கறுக்கிறது; கதிர் சாய்கிறது; வாடகை ஏறுகிறது. அந்த வேளையிலே பேரம் பேசுவானா, நெல்லைக் காப்பானா? அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை குறைந்த வாடகைக்கு யந்திரம் தருகிறது. உழவன் செயலியிலே பதிவு செய்யலாம். நல்ல ஏற்பாடு! ஆனால் ஏரிப் பாசனத்திலே ஊர் முழுதும் ஒரே வாரத்தில் விளைந்து நிற்கும்போது, ஒரு யந்திரம் எத்தனை வயலில் இறங்கும்?

பெரியதுதான் யந்திரம் என்று யார் சொன்னது? திருந்திய நெல் சாகுபடியிலே 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டு, வரிசைக்குள்ளே களைக்கருவியைத் தள்ளுகிறார்கள். டீசல் வேண்டாம்; களை சேற்றில் அமுங்கி எருவாகும். ஆனால் இங்கும் ஒரு முள் உண்டு. களையெடுப்பு பெண்களின் கூலி. கனத்த கருவி ஆண் கைக்குப் போனால், அவள் அடுப்பு அணையும். ஆகவே அவள் தோளுக்கேற்ற எடையிலே கருவி செய்க, அவளுக்கே பழக்குக, கூலியும் அவளுக்கே தருக!

வாடகை மையம் அமைக்க 2014-15 முதல் மத்திய அரசின் மானியத் திட்டம் இருக்கிறது. பணமுள்ளவன் மையம் வைத்தால் அவன் முதலாளி. கூட்டுறவுச் சங்கம் வைத்தால் ஊரே முதலாளி! சங்கத்துக்கொரு பழுதுபார்க்கும் பட்டறை. முறைப் பட்டியலிலே சிறு நிலத்துக்கு முதலிடம். இதுவே நமது கோரிக்கை.

ஆலைத் தோழர்களே! மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடையும் கை உங்கள் கை. விடுமுறை நாளிலே அந்தப் பட்டறைக்கு அது வரட்டும். உலகத்துக்குக் கார் செய்யும் சீமை, தன் உழத்திக்கு ஒரு களைக்கருவி செய்து தராதா?