ஊருக்கு மேலே ஓடும் ஆறு

சீனாவின் கைஃபெங் நகரத்தில் மஞ்சள் ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் கரைமேல் ஏற வேண்டும். ஆற்றின் படுகை அங்கே ஊர்த்தரையைவிடச் சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ள நாளில் மட்டுமல்ல, எல்லா நாளும் அப்படித்தான். ஒரு காலத்தில் சோங் பேரரசின் தலைநகராக இருந்த ஊர் இது. அந்தப் பழைய நகரம் இன்றைய தெருக்களுக்கு அடியில், வண்டலுக்குள் புதைந்து கிடக்கிறது.

திபெத்தியப் பீடபூமியில் பிறந்து 5,464 கிலோமீட்டர் ஓடி போகாய் கடலில் சேரும் இந்த ஆறு, தொடக்கத்தில் தெளிந்த நீர்தான். நடுவழியில் லோயஸ் பீடபூமிக்குள் நுழைந்ததும் நிறம் மாறுகிறது. வடக்கே உள்ள வறண்ட நிலங்களிலிருந்து காற்று அள்ளி வந்த பொடிமண், இருபது லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகப் படிந்து உருவான மேடு அது. பல இடங்களில் 100 மீட்டரைத் தாண்டும் கனம். விளைச்சலுக்கு அருமையான மண். ஆனால் மழை பட்டால் கரைந்துவிடும். உழவுக்காக மரமும் புல்லும் அழிக்கப்பட்ட சரிவுகளில் கோடை மழை கொட்டும்போது ஓடைகள் கூழாகவே இறங்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 160 கோடி டன் மண் இப்படி ஆற்றில் வந்தது.

சமவெளிக்கு வந்ததும் ஓட்டம் தளர்கிறது. சுமந்து வந்த மண் அடியில் தங்குகிறது, படுகை உயர்கிறது. மக்கள் கரையை உயர்த்துகிறார்கள். வண்டல் பரவ வேறு இடமில்லாமல் கரைகளுக்குள்ளேயே மேலும் படிகிறது. மறுபடி கரையை உயர்த்த வேண்டியிருக்கிறது. கடந்த 2,500 ஆண்டுகளில் சுமார் 1,500 முறை கரை உடைந்திருக்கிறது; 26 முறை ஆறு பெரிய அளவில் தடம் மாறியிருக்கிறது. சில நூற்றாண்டுகள் ஷான்டோங் தீபகற்பத்துக்கு வடக்கே கடலில் கலந்தது, சில நூற்றாண்டுகள் தெற்கே. 1855இல் மீண்டும் வடக்கே திரும்பியதுதான் இயற்கையாக நிகழ்ந்த கடைசிப் பெருமாற்றம்.

இதற்கு என்ன செய்வது என்ற வாதம் சீனாவில் மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டின் இறுதியில் ஜியா ராங் என்ற அதிகாரி, தாழ்நில மக்களை வேறிடத்தில் குடியமர்த்தி ஆற்றுக்கு இடம் விடுவதே சிறந்த வழி என்றார். கரையை ஒட்டுப்போட்டு உயர்த்திக்கொண்டே போவதைக் கடைசித் தரமான வழியாக வைத்தார். பதினாறாம் நூற்றாண்டில் மிங் பேரரசின் பொறியாளர் பான் ஜீசுன் நேர்மாறாக யோசித்தார்: ஆற்றை ஒடுக்கினால் வேகம் கூடும், அந்த வேகமே மண்ணை அரித்துக் கடலுக்குத் தள்ளும். கூர்மையான சிந்தனைதான், ஓரளவு பலனும் தந்தது. ஆனாலும் மண் வந்துகொண்டே இருந்தது. அது பிறக்கும் மலைச்சரிவை அன்று யாரும் தொடவில்லை.

1887இல் உடைந்த கரை சுமார் ஒன்பது லட்சம் உயிர்களைக் கொண்டுபோனதாக மதிப்பிடுகிறார்கள். அது இயற்கையின் வெள்ளம். 1938இல் நடந்தது வேறு. முன்னேறி வந்த ஜப்பானியப் படையைத் தடுக்க, சீன தேசியவாத அரசின் படையே ஜூன் மாதம் ஹுவாயுவான்கோவில் கரையை வெட்டிவிட்டது. கீழே இருந்த கிராமங்களுக்கு முறையான எச்சரிக்கை தரப்படவில்லை. ஹெனான், அன்ஹுய், ஜியாங்சு மாநிலங்களின் வயல்கள் மூழ்கின. இறந்தோர் எண்ணிக்கை நான்கு லட்சம் முதல் ஒன்பது லட்சம் வரை கணிக்கப்படுகிறது. உடைப்பை அடைத்து ஆற்றைப் பழைய தடத்துக்குத் திருப்பியது 1947இல். எந்தப் போர்க்காரணமும் சொந்த மக்கள்மேல் ஏவிய அந்த வெள்ளத்தை நியாயப்படுத்தாது.

போருக்குப் பின் அணைகளின் காலம். சோவியத் வல்லுநர்களின் துணையோடு 1960இல் சான்மென்சியா அணை நீர் தேக்கத் தொடங்கியது. வண்டல் நிறைந்து மேல்பகுதி நிலங்கள் கெடும் என்று நீரியல் பேராசிரியர் ஹுவாங் வான்லி முன்பே எச்சரித்திருந்தார். அவருக்குக் கிடைத்தது ‘வலதுசாரி’ என்ற முத்திரை. ஓரிரு ஆண்டுகளிலேயே நீர்த்தேக்கம் மண்ணால் தூர்ந்து, வண்டல் துணையாறான வெய் ஆற்றுக்குள்ளும் ஏறியது. பெரும் செலவில் அணையை மாற்றிக் கட்டி, மண் வெளியேற வழி திறக்க வேண்டியதாயிற்று.

பிறகு நேரெதிரான துன்பம் வந்தது. பாசனமும் நகரங்களும் நீரை உறிஞ்சியதால், 1997இல் ஆற்றின் கடைப்பகுதி 226 நாட்கள் வறண்டு கிடந்தது. 1999 முதல் மாநிலங்களுக்கான நீர்ப்பங்கீட்டை ஒரே ஆணையம் கவனிக்கத் தொடங்கியது. 2002 முதல் சியாவ்லாங்டி அணையிலிருந்து நீரை ஒரே வீச்சில் திறந்துவிட்டுப் படுகை மண்ணைக் கடலுக்குத் தள்ளுகிறார்கள். பான் ஜீசுனின் யோசனையே இப்போது மதகுகளின் வழியே நடக்கிறது.

எனினும் பெரிய மாற்றம் மேலே, பீடபூமியில்தான் நிகழ்ந்தது. சரிவுகளைப் படிவயல்களாக்கினார்கள், ஓடைகளின் குறுக்கே சிறு தடுப்பணைகள் கட்டினார்கள், செங்குத்தான நிலங்களில் உழவை நிறுத்தி மரமும் புல்லும் வளர்த்தார்கள். இவற்றோடு பெரிய அணைகளும் மண்ணைப் பிடித்துவைக்க, ஆற்றில் வரும் வண்டல் பழைய அளவில் கால்பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இதனால் கழிமுகத்தின் சில பகுதிகளைக் கடல் அரிக்கத் தொடங்கியிருக்கிறது. பீடபூமிக் காடுகள் உறிஞ்சும் நீரையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

உயர்ந்த படுகை மட்டும் இறங்கி ஊர்மட்டத்துக்கு வந்துவிடவில்லை. இரு கரைகளுக்கும் நடுவிலுள்ள வெள்ள நிலத்தில் இன்னும் பல லட்சம் பேர் பயிர் செய்து வாழ்கிறார்கள். மண்மேடு போட்டு அதன்மேல் வீடு கட்டுவது அங்கே வழக்கம். ஷான்டோங், ஹெனான் மாநில அரசுகள் அங்கிருந்த பலரைப் பாதுகாப்பான இடங்களுக்குக் குடிபெயர்த்திருக்கின்றன. ஜியா ராங் முதல் தரமான வழி என்று சொன்னது இதைத்தான்.