தவளையும் உட்கார்ந்துதான் இருக்கிறது!

நாலைந்து தூரிகைக் கோடுகளில் ஒரு தவளை. உடம்பெல்லாம் சும்மா ஒப்புக்குத்தான். வாய் மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீண்டு நமட்டுச் சிரிப்பு சிரிக்கிறது. பக்கத்தில் எழுதியிருப்பதன் சாரம் இது: உட்கார்ந்தாலே புத்தராகிவிடலாம் என்றால்... மீதியைப் பார்ப்பவரே முடித்துக்கொள்ள வேண்டியதுதான். தவளை பிறந்ததிலிருந்து வேறென்ன செய்கிறது?

வரைந்தவர் தியானத்துக்கு எதிரி அல்ல. ஜப்பானின் ஹகாட்டாவில் உள்ள ஷோஃபுகுஜி மடத்தின் தலைமைத் துறவியாக இருந்த செங்காய் கிபோன் (1750–1837). எய்சாய் என்ற துறவி 1195-இல் நிறுவிய அந்த மடத்தை ஜப்பானின் முதல் ஜென் மடம் என்பார்கள். சிறுவயதிலேயே தலையை மழித்துக்கொண்டு, ஆயுள் முழுக்கச் சம்மணமிட்டு உட்கார்ந்தவர்தான் இப்படிக் கிண்டலடிக்கிறார்.

காரணம் இருக்கிறது. நிமிர்ந்து உட்கார், மூச்சைக் கவனி, மனம் ஓடினால் திரும்பி வா. செய்முறை இவ்வளவுதான். ஆனால் சில நாளிலேயே, ‘எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தேன், பார்த்தாயா?’ என்று ஒரு பெருமை முளைக்கும். கோபத்தையும் ஆசையையும் பார்த்ததும் தெரிந்துவிடும். இந்தப் பெருமையோ காவி கட்டிக்கொண்டு வருகிறது. சட்டென்று அடையாளம் தெரியாது. சிரிப்புதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

சிரித்தால் திரும்பியாயிற்று

மூச்சைக் கவனிக்க உட்கார்ந்த மனம், மறு நிமிஷமே ‘காஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சா?’ என்று கிளம்பிவிடுகிறது. அதற்காக நம்மையே திட்டிக்கொண்டால் அது இரண்டாவது ஓட்டம். ‘அட, அதற்குள் சமையலறைக்கே போய்விட்டாயா?’ என்று சிரித்துவிட்டால், திரும்பி வந்தாயிற்று. நடப்பதை நடக்கும்போதே பிடிக்கிற கண்தான் தியானத்துக்கும் வேண்டும், நகைச்சுவைக்கும் வேண்டும்.

துறவி சிரிக்கலாமா? ஊருக்குள் உரக்கச் சிரித்துக்கொண்டு போகக்கூடாது என்று பௌத்த பிக்குகளின் ஒழுக்க நூலான விநயத்தில் விதி உண்டு. அது ஆர்ப்பாட்டத்துக்குத்தான் தடை, புன்னகைக்கு அல்ல.

செங்காய்க்குச் சிரிக்க அன்றாட வாழ்க்கையே போதுமான சரக்கு. ஜென் ஓவியத்தில் வட்டம் என்றால் பெரிய தத்துவம். அவரோ ஒரு வட்டத்தைப் போட்டு, இதைத் தின்றுவிட்டுத் தேநீர் குடி என்கிற பொருளில் எழுதிவைத்தார். 1811-இல் பொறுப்பிலிருந்து ஒதுங்கிய பிறகும் ஜனங்கள் விடவில்லை. படம் கேட்டுக் காகிதமும் கையுமாக வந்து நின்றார்கள். வருகிறவர்கள் எல்லாம் காகிதம் வைத்துவிட்டுப் போக என் குடிசை என்ன கழிப்பறையா என்று நொந்து ஒரு பாட்டு எழுதினார். 1832-இல், இனித் தூரிகையைத் தொடுவதில்லை என்று கல்லிலேயே வெட்டிவைத்தார். அப்புறமும் வரைந்துகொண்டுதான் இருந்தார்! பிற்காலத்துப் பெட்ரோலிய வணிகர் சாஸோ இதெமிட்சு தேடித் தேடிச் சேர்த்ததால் அந்தப் படங்களில் ஏராளமானவை இன்றும் இருக்கின்றன.

தவளைப் படத்தின் கேலி முதலில் குத்துவது தியானம் செய்கிறவரைத்தான், அதாவது செங்காயையே. கடுகடுத்த முகத்தோடு அரைமணி நேரம் சிலையாக இருப்பதைவிட, ஓடிப்போன மனத்தைப் பார்த்துச் சிரித்து அழைத்து வருவது மேலான பயிற்சி. சிரிக்க வேண்டியது நம் மனத்தைப் பார்த்து. பக்கத்து வீட்டுக்காரர் மனத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அதற்குப் பெயர் தியானம் அல்ல, வம்பு.