ரமணர் குடியிருந்த அறை

செங்கம் சாலையில் ஆட்டோவை விட்டு இறங்கி, இலுப்பை மரத்தைத் தாண்டி ஆசிரமத்துக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் நேரே கருங்கல் மண்டபத்துக்குத்தான் போவார்கள். நானும் முதல் இரண்டு தடவை அப்படித்தான் போனேன். பக்கத்திலேயே இருக்கிற 'பழைய ஹால்' சாதாரணமான ஒரு அறை, கண்ணில் படவே இல்லை. ஆனால் ரமணருக்கு வீடு என்று ஒன்று இருந்ததென்றால் அது இந்த அறைதான்.

1896 செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலைக்கு வந்தவர் கோயிலிலும், தோப்புகளிலும், பிறகு விரூபாட்ச குகையிலும் இருந்தார். 1916-ல் இன்னும் மேலே, கந்தசாமி என்ற அன்பர் பாறைகளை ஒதுக்கி, சரிவைச் சமன்படுத்திக் கட்டிய இடத்துக்குப் போனார். அந்தக் கந்தசாமியின் பேரில்தான் அது ஸ்கந்தாசிரமம். 1922 மே மாதம் தாயார் அழகம்மாள் அங்கே காலமானார். அடிவாரத்தில் பாலி தீர்த்தத்தின் அருகே சமாதி வைத்தார்கள். அந்த வருடக் கடைசியில் ரமணரும் கீழே வந்துவிட்டார். முதலில் இருந்தது வெறும் கூரைக் கொட்டகைதான். 1924-ல் திருடர்கள் புகுந்தபோதுகூட கொட்டகைகள்தான் இருந்தன.

பழைய ஹால் 1928 வாக்கில் வந்தது. ஒரு சோபா, பக்கத்தில் ஊதுபத்தியும் சாம்பிராணியும் போடும் கும்முட்டி அடுப்பு, புத்தக அலமாரி. தூங்கினது, தபால் பார்த்தது, புரூஃப் திருத்தினது, வந்தவர்களோடு பேசினது எல்லாம் இதே அறையில். தனி அறை கிடையாது. சன்னல் வழியா அணில்கள் வரும், முந்திரிப்பருப்பு கொடுப்பார். (ஆனா எல்லாருக்கும் எந்நேரமும் திறந்திருந்தது என்று சொல்லிவிட முடியாது. பெண்கள் இரவில் ஆசிரமத்தில் தங்க அனுமதி இல்லை.) பிற்காலத்தில், அவர் ஓய்வெடுக்கட்டும் என்று மதியம் 12 முதல் 2 வரை யாரும் ஹாலுக்குள் வரக்கூடாது என நிர்வாகம் ஏற்பாடு செய்தது. மறுநாள் சாப்பிட்டுவிட்டு அவர் வெளியிலேயே உட்கார்ந்துகொண்டாராம். ஏன் என்று கேட்டால், 2 மணி வரை உள்ளே யாரும் போகக்கூடாதாமே என்று பதில்!

கட்டடம் என்றாலே விலகி நின்றவரும் இல்லை. 1928-ல் வந்த அண்ணாமலை சுவாமி தம் நினைவுகளில் இதை நிறையச் சொல்கிறார். கட்டட வேலையே தெரியாத அவரிடம் மேற்பார்வையைக் கொடுத்து, ரமணரே தாளில் படம் போட்டுக் காட்டுவாராம். கோசாலையைச் சின்னதாகக் கட்டினால் போதும் என்றார் தம்பி சின்னசுவாமி, அவர்தான் சர்வாதிகாரி. பெரிசாகத்தான் கட்டவேண்டும் என்பது ரமணர் பக்கம். கடைசியில் பெரிசாகவே எழுந்தது.

1946 பொன்விழாவுக்குக் கூட்டம் தாங்காமல் ஹாலுக்கு வெளியே கொட்டகை போட்டார்கள். பகலில் அங்கே உட்கார்ந்தார். ஏறக்குறைய பதினெட்டு வருடம் கழித்து மறுபடி கூரைக்கடியில்!

வைத்தியநாத ஸ்தபதியின் தலைமையில் எழுந்த கருங்கல் மண்டபமும் தாயார் கோயிலும் 1939-ல் தொடங்கி 1949 மார்ச்சில் குடமுழுக்கு கண்டன. மண்டபத்தில் அவருக்கென்றே செதுக்கிய கல் ஆசனம். அதில் அவர் உட்கார்ந்தது ஓராண்டுகூட இல்லை. அந்தப் பிப்ரவரியிலேயே கைக்கட்டிக்கு முதல் அறுவை நடந்திருந்தது. டிசம்பரில் நாலாவது. பிறகு எதிரே இருந்த ஒரு சின்ன அறைக்கு மாற்றினார்கள். 1950 ஏப்ரல் 14 இரவு அங்கேதான் மறைந்தார்.

போன முறை பழைய ஹாலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சோபா அதே இடத்தில் இருக்கிறது, மேலே ஆளுயரப் படம். சன்னலில் அணிலைத் தேடினேன். ஒரு குரங்குதான் எட்டிப் பார்த்தது.