ஐந்து லட்சமும் நான்கு சுவரும்

ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்ததும், அல்லது பிள்ளைகளின் படிப்புச் செலவு ஒருவழியாக ஓய்ந்ததும், சிலருக்குப் பழைய ஆசை ஒன்று தலைதூக்கும். வீட்டில் நல்லதாக ஒரு பாட்டு செட் வாங்கிப் போட வேண்டும். கையில் ஐந்து லட்சம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கடைக்குள் நுழைந்தால் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், டிஏசி, டர்ன்டேபிள், மலைப்பாம்பு கனத்தில் ஒயர், அந்த ஒயர் தரையில் படாமல் தாங்குவதற்குக் குட்டிக் குட்டிப் பீடம் என்று ஒவ்வொன்றும் பங்கு கேட்கும். எதற்கு எவ்வளவு ஒதுக்குவது? விற்பனையாளர் இதை ரசனை சார்ந்த விஷயம் என்பார். பாதிக்கு மேல் இது இயற்பியல் சார்ந்த விஷயம்.

பாட்டு, பதிவிலிருந்து உங்கள் காதுக்கு வரும் வழியில் எந்த இடத்தில் அதிகம் கெடுகிறதோ, அந்த இடத்தில்தான் பணத்தைக் கொட்ட வேண்டும். 1982இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதிவைத்தது. மனிதக் காது கேட்கக்கூடிய 20,000 ஹெர்ட்ஸ் வரை அதில் அடங்கிவிடும். அந்த எண்களை மறுபடி மின்னலையாக மாற்றுவதுதான் டிஏசியின் வேலை; அதை இன்று சில ஆயிரம் ரூபாய்க் கருவியே பழுதில்லாமல் செய்கிறது. அடுத்தது ஆம்ப்ளிஃபயர். ஒழுங்காக வடிவமைத்த ஒன்றில் ஒலித்திரிபு 0.1 சதவீதத்துக்கும் கீழே. ஸ்பீக்கருக்கு வந்தால் கதை மாறுகிறது. கீழ்ஸ்தாயியில் சத்தமாக ஒலிக்கும்போது திரிபு பல சதவீதத்தைத் தொடும். அதையும் தாண்டி ஒலி அறைக்குள் வந்துவிட்டால், பாஸ் பகுதியில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் 15, 20 டெசிபல் வித்தியாசம் காட்டுவது சாதாரணம். 20 டெசிபல் என்றால் சக்தியில் நூறு மடங்கு. கடையில் எந்த அலமாரியிலும் இல்லாத பொருள், அதாவது உங்கள் கூடம், இருப்பதிலேயே பெரிய குற்றவாளி.

முதலில் ஸ்பீக்கர். 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் விவரித்த அமைப்புதான் இன்றும் பெரும்பாலான பெட்டிகளுக்குள் இருக்கிறது. ஒரு கூம்பு, அதன் அடியில் கம்பிச்சுருள், சுருளைச் சுற்றிக் காந்தம். மின்னோட்டம் மாறும்போது சுருள் முன்னும் பின்னும் ஓட, கூம்பு காற்றைத் தள்ளுகிறது. நூறு ஆண்டு ஆகியும் இது படுசோம்பேறியான இயந்திரம்தான். சாதாரண வீட்டு ஸ்பீக்கருக்குள் நூறு வாட் அனுப்பினால் ஒரு வாட்கூட ஒலியாக வெளியே வராது. மிச்சம் சுருளில் வெறும் சூடாகப் போகிறது. தவிர, ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே சத்தம் தர வேண்டுமானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். கைக்கடக்கமான பெட்டியிலிருந்து ஆழமான பாஸ் வரும் என்று யாராவது சொன்னால், இந்த நான்கு மடங்குக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் காதுக்கு நல்ல உரைகல் மிருதங்கம். பொதுவாகத் தோல் வாத்தியங்களின் மேலொலிகள் அடிப்படைச் சுருதியோடு முழு எண் விகிதத்தில் அமையாது. வலந்தலையில் பூசிய கறுப்புக் கரணை அவற்றை விகிதத்துக்குள் இழுத்துக் கொண்டுவருகிறது. சி.வி. ராமன் இதைப் பற்றி 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அந்த மேலொலிகளில் ஒன்றை ஸ்பீக்கர் தூக்கிவிட்டு இன்னொன்றை அமுக்கினால், ‘நம்’ என்று விழ வேண்டிய சொல் டப்பாவைத் தட்டியது போல் விழும். கடையில் கண்ணாடி உடையும் சத்தமும் ஹெலிகாப்டரும் போட்டுக் காட்டுவார்கள். அவற்றில் எது சரி, எது தவறு என்று யாருக்குத் தெரியும்? உங்களுக்கு மனப்பாடமான ஒரு தனி ஆவர்த்தனத்தை எடுத்துச் செல்லுங்கள்.

காதை நம்பலாம், கண்ணை நம்பக் கூடாது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்து மக்களைக் கேட்கவைத்தார். பெட்டி தெரியாதபோது ஆளுக்கு ஆள் ரசனை அப்படியொன்றும் வேறுபடவில்லை. நேராகக் கேட்டாலும் பக்கவாட்டில் கேட்டாலும் ஏற்ற இறக்கமில்லாமல் ஒலித்த ஸ்பீக்கரையே பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தார்கள். பிற்பாடு அவரும் ஷான் ஆலிவும் ஹார்மன் நிறுவனத்தில் செய்து 1994இல் வெளியிட்ட சோதனையில், திரையை விலக்கியதும் அதே ஆட்களின் மதிப்பெண்கள் மாறிவிட்டன. இந்த ஆராய்ச்சியின் பலனாக இப்போது ஒரு ஸ்பீக்கரைச் சுற்றி 70 கோணங்களில் அளந்து வரைபடம் போடும் முறையே தரநிலையாகியிருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொல்லும் நிறுவனம் அந்தப் படத்தைக் காட்டத் தயங்கினால் எனக்குச் சந்தேகம் வரும்.

வாட் விஷயத்தில் நமக்குப் பழைய காயம் உண்டு. கைப்பெட்டி அளவு டேப் ரெக்கார்டரின் நெற்றியில் ஆயிரக்கணக்கில் ‘பிஎம்பிஓ’ வாட் என்று எழுதி விற்ற காலம் பலருக்கு நினைவிருக்கும். அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் வாட் மட்டும் பாருங்கள். வீட்டில் நிம்மதியாகப் பாட்டுக் கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் சராசரியாக ஒரு வாட் அளவில்தான் ஓடுகிறது. கோர்வை முடிந்து விழும் அடி சராசரியைவிட 20 டெசிபல் உயர்ந்தால், அந்தக் கணத்துக்கு மட்டும் நூறு வாட் தேவைப்படும். ஆக, சேனலுக்கு நூறு வாட் உள்ள நேர்மையான ஆம்ப்ளிஃபயர் நடுத்தரக் கூடத்துக்குப் போதும்.

இனி கூடம். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒரு தொல்லையை ஒப்படைத்தார்கள். ஃபாக் அருங்காட்சியகத்தின் புதிய விரிவுரை அரங்கில் பேச்சு புரியவில்லை. ஒரு ஒலி அடங்க ஐந்தரை விநாடி பிடித்தது. சபின் இரவு நேரங்களில் ஓர் ஆர்கன் குழாயும் நிறுத்து கடிகாரமுமாக உட்கார்ந்தார். பக்கத்துச் சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்க அடுக்க, எதிரொலிப்பு குறைந்துகொண்டே வந்தது. அறையின் கொள்ளளவையும் உறிஞ்சும் பரப்பையும் இணைக்கும் சூத்திரம் அதிலிருந்து பிறந்தது.

அந்தச் சூத்திரத்தில் நம் வீட்டைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, விட்ரிஃபைடு டைல்ஸ். எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. காலியாக இருக்கும்போது எதிரொலிப்பு மூன்று விநாடியைத் தாண்டும். பால் காய்ச்சுவதற்கு முன் புது வீட்டுக்குள் கைதட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சோபா, கனத்த திரைச்சீலை, ஜமுக்காளம், புத்தக அலமாரி எல்லாம் வந்து அரை விநாடிக்கு இறங்கினால் இசை தெளிந்துவிடும். அமெரிக்காவில் பல வீடுகளில் சுவர் என்பது மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. அது கொஞ்சம் அதிர்ந்து பாஸைத் தின்றுவிடும். நம் சுவர் தின்னாது. அங்கே எழுதும் விமர்சனத்தைப் படித்துவிட்டு இங்கே பெரிய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய வித்தியாசம் இது.

பாஸ் இன்னொரு சங்கடத்தையும் கொண்டுவருகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி போய்த் திரும்பி நிலையலையாக நிற்கும். மேலே சொன்ன கூடத்தில் நீளவாக்கில் 34 ஹெர்ட்ஸிலும், அகலவாக்கில் 43இலும், உயரவாக்கில் 57இலும் அது நிகழும். செல்போனில் சிக்னல் ஜெனரேட்டர் செயலியை இறக்கி, 43 ஹெர்ட்ஸ் ஒலியை ஸ்பீக்கரில் விட்டுவிட்டு, ஒரு பக்கச் சுவரிலிருந்து எதிர்ச் சுவர்வரை மெதுவாக நடந்து பாருங்கள். சுவரோரத்தில் நெஞ்சு அதிரும். கூடத்தின் நடுவில் ஸ்பீக்கரையே யாரோ அணைத்துவிட்டது போல இருக்கும். ஒரு பைசா செலவில்லாமல் நாற்காலியை இரண்டடி நகர்த்திப் பெறும் முன்னேற்றத்தைச் சில சமயம் லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபயர் மாற்றியும் பெற முடியாது. பாஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்ஊஃபரை வைக்க இடம் தேடுகிறவர்கள் அதைத் தாங்கள் உட்காரும் இடத்தில் தூக்கி வைத்துவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து, பாஸ் சீராகக் கேட்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் வேலை செய்யும். பெரிய சப்ஊஃபர் ஒன்றைவிட, எதிரெதிர்ச் சுவர்களின் மையத்தில் வைத்த சிறியவை இரண்டு சமச்சீராக ஒலிக்கும் என்று ஹார்மனின் டாட் வெல்டி 2002இல் காட்டினார்.

மேல்ஸ்தாயிக்கு வைத்தியம் எளிது. நீங்கள் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் பக்கச் சுவரோடு முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே நான்கு அங்குலத் தடிமனில் ராக்வூல் வைத்துத் துணி போர்த்திய பலகையை மாட்டுங்கள். தச்சரே செய்து தருவார். பாஸை அடக்க முட்டை அட்டையும் மெல்லிய ஸ்பாஞ்சும் ஒட்டுவது வீண். 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டர். அதற்கு ஒரு அங்குல ஸ்பாஞ்ச் இருப்பதே தெரியாது. ஆம்ப்ளிஃபயரில் அறைத்திருத்த வசதி இருந்தால் எகிறும் ஸ்வரத்தை அது தட்டி அடக்கும். அலை ஒன்றையொன்று அழித்துக்கொண்ட பள்ளத்தை மட்டும் அதனால் நிரப்ப முடியாது.

ஒயருக்கு நீண்ட பேச்சு தேவையில்லை. எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பியை ஐந்து மீட்டர் தூரத்துக்கு இழுத்தால், போகவர மொத்த மின்தடை சுமார் 0.07 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கரில் இதனால் வரும் இழப்பு ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

என் பங்கீடு இதுதான். ஐந்து லட்சத்தில் ஸ்பீக்கருக்கும் சப்ஊஃபர்களுக்கும் சேர்த்து மூன்று லட்சம். அறைத்திருத்தம் உள்ள ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு லட்சம். கூடத்துக்கு முக்கால் லட்சம். மீதி இருபத்தைந்தாயிரத்தில் இணையத்திலிருந்து பாட்டு எடுத்துத் தரும் ஸ்ட்ரீமர், ஒயர், கணினியில் செருகும் அளவீட்டு மைக் மூன்றும் முடிந்துவிடும். அந்த மைக்கோடு பயன்படுத்த ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ரெக்கார்டு சேகரிப்பு ஏற்கெனவே உள்ளவர்கள் டர்ன்டேபிளுக்கு ஸ்பீக்கர் கணக்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கடையில் இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்த அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது சத்தம் கூடியதாகத் தோன்றாது, தரம் கூடியதாகத் தோன்றும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் கூடத்தில் வைத்துக் கேட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். மூன்று லட்ச ரூபாய்ச் சாமானுக்கு அதைக்கூடத் தராத கடையில் வாங்காதீர்கள்.