ஒற்றைக் கண்ணி

குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும், என் சித்தி ஊசியில் நிற்கும் கண்ணியைக் கொஞ்சம் நீளமாக இழுத்துவிடுவார். ஊசியை உருவி நூல்கண்டில் குத்தி வைத்துவிட்டு எழுந்துபோவார். அடுப்பை அணைத்து, குழம்பைத் தாளித்து, வாசலில் கீரைக்காரம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தால், பின்னல் விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

குரோஷா நம் வீடுகளில் இவ்வளவு ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு ஊசிகளால் ஸ்வெட்டர் பின்னும்போது, ஒரு வரிசையின் அத்தனை கண்ணிகளும் ஊசியிலேயே உயிரோடு நிற்கும். ஒன்று நழுவினாலும் ஏணிப்படி போலக் கீழே பிரிந்துகொண்டே போகும். குரோஷாவின் கொக்கி ஊசியில் பெரும்பாலும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி. அதை மட்டும் காப்பாற்றினால் போதும். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாதவர்களுக்கென்றே அமைந்த வேலை இது. தப்பிப்போனால் நூலை இழுத்துப் பிரித்து, அதே நூலில் மறுபடி தொடங்கலாம். வெட்டிய துணியில் அந்த வாய்ப்புக் கிடையாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் கொஞ்சம் தடித்த, வெளிர்நிற நூலை எடுங்கள். கறுப்பு நூலில் கண்ணியே தெரியாது. நம் வெயிலுக்குப் பருத்தி நூல் நல்லது. அக்ரிலிக் உல்லனில் பின்னியதன்மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால், பின்னல் உருகித் தட்டையாகிவிடும். யூடியூப் பார்த்துக் கற்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்கர்கள் 'சிங்கிள்' என்னும் பின்னலைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் 'டபுள்' என்கிறார்கள். இது தெரியாமல் ஒரு குழந்தைக் குல்லாவை மூன்று முறை பிரித்தேன். பச்சைக் குழந்தைக்குப் பொம்மை பின்னினால் பிளாஸ்டிக் கண் வேண்டாம், நூலாலேயே கண் தைத்துவிடுங்கள்.

இரண்டு ஊசிப் பின்னலுக்கு இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-லேயே இயந்திரம் கண்டுபிடித்துவிட்டார். குரோஷாவுக்கோ இன்றும் தொழிற்சாலை இயந்திரம் வரவில்லை. அதைப்போலத் தோற்றம் தரும் இயந்திரத் துணிகள் உண்டு, ஆனால் அவை வேறு வகைப் பின்னல். கடையில் நூறு இருநூறு ரூபாய்க்குத் தொங்கும் குரோஷா பையானாலும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் ஒரு கை இழுத்திருக்கிறது.

கண்காட்சி அரங்குகளில் நான் அடிக்கடி கேட்பது, "வீட்டுல சும்மா இருக்கற நேரத்துல பின்னறதுதானே, கொஞ்சம் குறைச்சுக் குடுங்கக்கா" என்பது. எனக்கு மனம் வலிக்கும். அந்த 'சும்மா'வுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஆந்திராவின் நரசாபுரத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ் கலை, பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. அங்கே ஆய்வு செய்த ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ், 1982-இல் வெளியான தம் நூலில் அந்தப் பெண்களின் நிலையை எழுதினார். சமையல், தண்ணீர், பிள்ளைகள் எல்லாம் போக, நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் பின்னினார்கள் அவர்கள். ஆனாலும் தொழிலாளிகள் என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்றே சொல்லப்பட்டது. கூலியும் அதற்கேற்ற சொற்பம்தான். எப்போது வேண்டுமானாலும் எழுந்துபோகலாம் என்ற அந்த வசதியே அவர்களுடைய உழைப்பை மறைத்துவிட்டது. 2024-இல் நரசாபுரம் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் கிடைத்த மதிப்பு, பின்னும் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.

ஆகவே, விற்பதற்குப் பின்னும் தோழிகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நூலின் விலையோடு நேரத்தையும் எழுதிவையுங்கள். துண்டு துண்டான அரைமணிகளையும் கூட்டுங்கள். குல்லா ஒன்றுக்கு எனக்கு இரண்டு மாலைகள் ஆகின்றன.

அப்படித் துண்டு துண்டாகப் பின்னியவை சேர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2016 ஜனவரியில் சென்னையில், சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர், தாங்கள் பின்னியவற்றை இணைத்து உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். பரப்பு 11,148.5 சதுர மீட்டர். அளந்து முடித்தபின் அதைத் தனித்தனிப் போர்வைகளாகப் பிரித்து, இல்லாதவர்கள் போர்த்திக்கொள்ளக் கொடுத்தார்கள்.