கழித்துப் போட்ட மரத்தில் கடைக்கு ரேக்

மணிமங்கலம் வட்டாரத்தில் புதிதாக மளிகைக் கடை வைக்கும் இளைஞர்கள், நம்மிடம் சரக்கு எடுக்க வருவதற்கு முன்பே கையிலுள்ள பணத்தில் பாதியைச் செலவழித்துவிட்டு வருகிறார்கள். எதில் போட்டீர்கள் என்று கேட்டால் இரும்பு ரேக், கண்ணாடிப் பெட்டி, சன்மைக்கா ஒட்டிய மேசை, வாசலில் விளக்குப் பலகை என்று கணக்குச் சொல்கிறார்கள். மீதிப் பணத்துக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் எடுத்தால் ரேக்கில் பாதி காலியாக நிற்கிறது. ரேக் பளபளவென்று இருந்து, கேட்ட சரக்கு இல்லையென்றால் வந்தவர் அடுத்த கடைக்குத்தான் போவார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மரச்சாமான், ரேக் வகைக்கு ஒரு லட்ச ரூபாய் கடன், நூற்றுக்கு இரண்டு வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000, வருடம் 24,000 ரூபாய் வட்டி மட்டும். ஒரு சிப்பம் அரிசியில் 40 ரூபாய் நிற்கிறது என்றால், அந்த வட்டியைக் கட்டவே வருடத்துக்கு 600 சிப்பம் விற்றாக வேண்டும். அசல் அப்படியே இருக்கும். நான்கு ஆண்டு கழித்து ரேக் துருப்பிடிக்கும்போதும் அசல் பாக்கி இருக்கும். இப்படி ஆரம்பித்து இரண்டு வருடத்தில் கதவைச் சாத்திய கடைகளை நம் வீதிகளிலேயே பார்த்திருக்கிறோம்.

இத்தனைக்கும் நல்ல மரம் நம் ஊரைச் சுற்றி மலிவாகக் கொட்டிக் கிடக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-இல் மூடியும் போனது. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் தொழிற்சாலை திறந்தது. இவற்றைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள் வரிசையாக வந்தன. உதிரிபாகம் வருவதெல்லாம் மரப்பெட்டியிலும், பேலட் என்று லாரிக்காரர்கள் சொல்லும் அடிப்பலகையிலும்தான். சாமானை இறக்கியதும் மரம் கழிவாகிவிடுகிறது. ஒப்பந்தக்காரர்கள் அதை மொத்தமாக எடுத்துக் காயலான் கடைகளுக்கும் மர டிப்போக்களுக்கும் தள்ளுகிறார்கள். அங்கே சில்லறையாகவும் கிடைக்கும். இதில் நிறைய அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகப் போகிறது.

பேலட் நம் தொழிலுக்கென்றே செய்தது போன்றது. ஐந்தாறு அங்குல உயரம், அடியில் காற்றோட்டம், மேலே மூட்டை அடுக்கச் சமதளம். உணவுப் பொருளைத் தரையில் வைக்கக் கூடாது, தரையிலிருந்து உயர்த்தியும் சுவரிலிருந்து தள்ளியும், கூட்டிப் பெருக்க வசதியாக வைக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புத் துறையின் 2011-ஆம் ஆண்டு விதிகளிலேயே உள்ளது. அதிகாரி வந்து சொல்லித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தரை வேர்த்து, அடி மூட்டை பிசுபிசுத்து, துவரம்பருப்பில் பூஞ்சை பிடித்து நஷ்டப்படுவது நாம்தானே.

ஆனால் கண்ணில் பட்ட பேலட்டையெல்லாம் தூக்கி வந்து அரிசி மூட்டைக்கு அடியில் போட்டுவிடக் கூடாது. முதலில் முத்திரையைப் பார்க்க வேண்டும். நாடு விட்டு நாடு வரும் மரப்பெட்டி வழியாகப் பூச்சி பரவக் கூடாது என்று 2002-இல் உலக அளவில் ஒரு விதி ஏற்படுத்தினார்கள். அதன்படி மரத்தில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னம் சூடு போட்டது போல் பதிந்திருக்கும். பக்கத்தில் நாட்டின் இரண்டு எழுத்துக் குறி, ஒரு எண், அதன்பின் பக்குவம் செய்த முறை. எச்.டி. என்ற ஆங்கில எழுத்து இருந்தால், மரத்தின் உள்பாகம் வரை 56 டிகிரி வெப்பம் ஏறி அரை மணி நேரம் நிற்கும்படி சூடாக்கியது என்று பொருள். அதைத் தாராளமாக எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது. அதை உணவுச் சாமான் பக்கமே கொண்டு வர வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் இந்த முத்திரை இருக்காது. செய்யும்போதே பசையும் சூடும் பட்டுவிடுவதால் அவற்றுக்கு விலக்கு உண்டு.

முத்திரை சரியாக இருந்தாலும் வேலை முடியவில்லை. முத்திரை மரத்தைப் பக்குவம் செய்த விதத்தைத்தான் சொல்லும், பிறகு அதன் மேல் என்ன கொட்டியது என்பதைச் சொல்லாது. பெயின்ட், கிரீஸ், அமிலம் எல்லாவற்றையும் சுமந்த பலகையாக இருக்கலாம். கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முகர்ந்தும் பார்க்க வேண்டும். நம் சங்க அன்பர் ஒருவரின் கிடங்கில் இப்படி வந்த ஒரு பலகையால் நான்கு மூட்டை உளுந்தில் டீசல் வாடை ஏறி, சரக்கு அத்தனையும் திரும்பி வந்தது. மிளகாய், மல்லி வாங்கும்போது ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்து விலை சொல்கிற நமக்கு மூக்கைப் பயன்படுத்தச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்று, பில். சில பலகைகளில் கம்பெனி பெயரும், திருப்பித் தர வேண்டும் என்ற குறிப்பும் அச்சாகியிருக்கும். அவை வாடகைக்கு விடப்படும் பலகைகள், கழிவல்ல. சுற்றில் இருக்க வேண்டிய சாமான் வழியில் இறங்கி டிப்போவுக்கு வந்திருந்தால், வாங்கியவர் தலையில்தான் விடியும். திருட்டுப் பொருளைத் தெரிந்து வாங்குவதும் குற்றம். நூறு ரூபாய் கூடப் போனாலும் ரசீது உள்ள இடத்திலேயே எடுக்க வேண்டும்.

கடைக்கு உள்ளே ரேக் செய்வதானால் பலகையைப் பிரிக்க வேண்டும். இங்கேதான் பலர் கடப்பாரையைப் போட்டு நெம்பி, பாதிப் பலகையை உடைத்துவிடுகிறார்கள். பேலட் ஆணி சாதாரண ஆணி அல்ல, முறுக்கு ஆணி. இழுத்தால் மரத்தோடுதான் வரும். பலகைக்கும் கட்டைக்கும் இடையில் ஆக்சா பிளேடை விட்டு ஆணியை அறுத்துவிட்டால் பலகை முழுசாக வரும். ஆணித் தலை மரத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும். இழைப்புளி போடும்போது மட்டும் அதைப் பார்த்துப் போட வேண்டும், இல்லையென்றால் தச்சர் நம்மைத் திட்டுவார். பலகை முக்கால் அங்குல கனம்தான் இருக்கும். எனவே இரண்டடிக்கு ஒரு முட்டுக் கொடுக்காவிட்டால் தட்டு நடுவில் தொய்யும். சோப்பு, பிஸ்கட், தீப்பெட்டி மேல்தட்டில் இருக்கலாம். எண்ணெய் டின்னும், 2022-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் 26 கிலோவாகிப் போன அரிசிச் சிப்பமும் தரையை ஒட்டிய தட்டில்தான்.

பழைய வீட்டுச் சாமான்

பைன் மரம் மலிவு, ஆனால் ஆயுள் குறைவு. கரையானுக்கு அது பலகாரம் போல. கல்லா மேசை, பெஞ்சு, கதவு போட்ட அலமாரி ஆகியவற்றுக்குப் பழைய வீட்டு மரமே சிறந்தது. நம் பக்கத்துக் கிராமங்களில் ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டாத தெருவே இல்லை. இடிக்கிறவர்கள் நிலை, கதவு, உத்தரம், பத்தாயப் பலகை எல்லாவற்றையும் ஒரே விலையாகப் பேசித் தள்ளிவிடுகிறார்கள். அதில் தேக்கும் வேங்கையும் பலாவும் கலந்திருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழிந்து வந்த பர்மா தேக்குக் கதவும் தூணும் எனாமல் பாத்திரமும் அங்கே கடை கடையாக விற்பனைக்கு இருக்கின்றன. வெளியூர் ஓட்டல்காரர்கள் தேடி வந்து வாங்கிப் போகிறார்கள். பழைய கல்லாப்பெட்டி வைத்திருக்கும் அன்பர்கள் அதைப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

எந்த மரச்சாமான் பிழைக்கும், எது பிழைக்காது என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் நமக்குக் கண்முன் காட்டியது. அடையாற்று நீர் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் புகுந்து வடிந்தபின், தெருவெல்லாம் அலமாரிகள் வெளியே கிடந்தன. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலமாரிகள் ஊறிய ரொட்டி மாதிரி உப்பிப் பிதுங்கிவிட்டன. அவற்றை எந்தத் தச்சராலும் மீட்க முடியாது. பக்கத்திலேயே சேறு பூசிக் கிடந்த தேக்குக் கட்டிலை நிழலில் உலர்த்தி, மூட்டை இறுக்கி, பாலிஷ் போட்டு இன்றும் படுக்கிறார்கள். ஆகவே பழைய சாமான் வாங்கும்போது மேலே ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து மயங்காமல், திருகாணி போட்ட ஓட்டையை எட்டிப் பாருங்கள். உள்ளே தூள் தெரிந்தால் விட்டுவிடலாம். தொழிற்சாலைப் பையன்கள் ஊருக்குப் போகும்போது வாடகை அறையில் விட்டுச் செல்லும் அலமாரிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். இரும்புக் கட்டில் விட்டுச் சென்றிருந்தால் அது உதவும். கால்களை வெட்டி உருளைக்கிழங்கு, வெங்காய மூட்டைக்கு மேடையாக்கலாம். கம்பி வழியாகக் காற்றுப் போவதால் வெங்காயம் அழுகல் குறைகிறது.

உளுத்த மரமா என்று பார்க்க, தட்டிப் பாருங்கள். மாவு போலத் தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே வேலை செய்கிறது. கரையான் மருந்து அடிப்பதென்றால் கடைக்கு வெளியே அடித்து, வாடை அடியோடு போகும்வரை வெளியிலேயே வைத்திருந்து, பிறகு வார்னிஷ் பூசி உள்ளே கொண்டு வர வேண்டும். கடைக்குள் வைத்து அடிப்பது கூடவே கூடாது. மூட்டு ஆடினால் ஆணி அடிக்க வேண்டாம். பழைய தச்சர்கள் மர ஆணியும் ஆப்பும் வைத்துச் செய்தது. மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசை போட்டு இறுக்கினால் இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். இரும்பாணி அடித்தால் மரம் பிளந்து அதோடு சரி.

மெருகு வகையில் மலிவானதும் நல்லதும் பழைய அரக்குப் பாலிஷ்தான். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுத் துணிப்பந்தால் தேய்ப்பது. ஸ்பிரிட் ஆவியாகிவிடும், அரக்கு மட்டும் நிற்கும். இதை மாசி, பங்குனியில் செய்துகொள்ள வேண்டும். மழைக்காலத்தில் செய்தால் ஈரம் பிடித்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். ஸ்பிரிட் பாட்டிலுக்கு அருகில் விளக்கோ பீடியோ கூடாது.

பழைய பெயின்ட் அடித்த கதவு, ஜன்னல் விஷயத்தில் அன்பர்கள் கட்டாயம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பெயின்ட்டில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் தாராளமாக இருந்திருக்கலாம். அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி காற்றில் பறந்து சரக்கிலும் படியும், வேலை செய்கிறவர் நெஞ்சிலும் போகும், பக்கத்தில் விளையாடும் குழந்தைகளையும் பாதிக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்த்து, சுரண்டியதைத் தாளில் அள்ளிக் கட்டிப் போட வேண்டும். முடிந்தால் சுரண்டாமல் மேலேயே புதுப்பெயின்ட் அடித்து மூடிவிடுவது நல்லது. சரக்கு நேரடியாகப் படும் தட்டுக்கு அந்தப் பலகையே வேண்டாம்.

டின், படி, தராசு

நம் கடையிலேயே கழிவது 15 கிலோ எண்ணெய் டின். அதை வெட்டி முறமாகவும், பருப்பு அள்ளும் கரண்டியாகவும், குப்பை வாரவும் பழக்கிக்கொண்டவர்கள் நாம். அதெல்லாம் சரி. ஆனால் அதே டின்னைக் கழுவி மீண்டும் எண்ணெய் நிரப்பி விற்பதற்குச் சட்டம் இடம் தரவில்லை. ஒருமுறை பயன்படுத்திய டின்னில் சமையல் எண்ணெய் அடைக்கக் கூடாது. வெட்டிய விளிம்பை மடித்துத் தட்டிவிட மறக்காதீர்கள், கடைப் பையன்களின் கை நம் கை.

தாத்தா காலத்துப் படி, உழக்கு, ஆழாக்கு கிடைத்தால் துலக்கி வைக்கலாம். கல்லாவில் சில்லறை போட, பேனா வைக்க அழகாக இருக்கும். ஆனால் அதில் அளந்து விற்கக் கூடாது. கிலோவும் லிட்டரும்தான் செல்லும். பழைய தட்டுத் தராசையும் எடைக்கற்களையும் சரிசெய்து உபயோகிக்க விரும்பினால் 24 மாதத்துக்கு ஒரு முறை முத்திரை புதுப்பிக்க வேண்டும், எலக்ட்ரானிக் தராசு என்றால் 12 மாதம். முத்திரை இல்லாத தராசு கடையில் அலங்காரத்துக்கு என்று தொங்கினாலும், அதிகாரி வந்தால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். தொங்கவிடுவதானால் தட்டைக் கழற்றிவிட்டுத் தொங்கவிடுங்கள்.

பழைய குளிர்பெட்டி மட்டும் வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். யாரோ தூக்கிப் போட்டது நான்காயிரத்துக்குக் கிடைக்கிறதே என்று தோன்றும். இரவு பகல் ஓடி அது இழுக்கும் மின்சாரத்துக்குக் கடைக்கான கட்டணத்தில் பில் கட்டிப் பார்த்தால் ஒன்றிரண்டு வருடத்தில் புதுப்பெட்டியின் விலையே போய்விடும். நடுவில் ஒரு நாள் நின்றால் பாலும் தயிரும் நஷ்டம். ஓடாத பெட்டி என்றால் வாங்கலாம். கதவு இறுக்கமாக மூடும், எலி நுழையாது; முந்திரி, திராட்சை, ஏலக்காய் வைக்க அதைவிட நல்ல பெட்டி கிடைக்காது. ஆனால் அதைத் தரையில் வைத்திருந்தால், குழந்தைகள் உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளாதபடி பழைய பூட்டைக் கழற்றிவிட்டு வெளியே கொண்டி போட வேண்டும்.

இதற்கெல்லாம் காலம் பார்த்துச் செய்தால் செலவு இன்னும் குறையும். மார்கழிக் கடைசியில், போகிக்கு ஒரு வாரம் முன்பாக வீடு வீடாகச் சாமான் வெளியே வரும். போகியன்று விடியற்காலையில் நல்ல பெஞ்சும் ஸ்டூலும் டயரோடு சேர்ந்து எரிவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தெரிந்த வீடுகளில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள். பொங்கலுக்குப் பிறகு தை, மாசியில் தச்சர் கூலிக்குக் கிடைப்பார், வெயிலும் பாலிஷுக்குத் தோதாக இருக்கும். சித்திரையில் புதுக்கணக்குப் போடும்போது ரேக் தயாராக நிற்கும். ஆணி, பசை, அரக்கு, கூலி என்று ஆன செலவைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புது ரேக்குக்குக் கேட்ட விலையையும் அதன் பக்கத்திலேயே எழுதிவிட்டு, வித்தியாசத்துக்கு எத்தனை சிப்பம் அரிசி எடுக்கலாம் என்று பாருங்கள்.